கொலு பார்க்க வந்தவர்களுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்?

போன வருடம் விஜயதசமி முடிந்து நாலாம் நாள். மயிலாப்பூரில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பது இருக்கும். நெற்றியைக் கைக்குட்டையால் மறைத்தபடியே வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, தலைவலியா?"

"தலைவலி இல்லை டாக்டர். இதைப் பாருங்க."

கைக்குட்டையை எடுத்தார். பொட்டு வைக்கும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்து, சொரசொரப்பாகி, ஓரத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. வகிட்டிலும் அதே மாதிரி ஒரு கோடு.

"புதுசா ஏதாவது சோப்பு, க்ரீம் போட்டீங்களா?"

"ஒண்ணும் போடலை. குங்குமம்தான் வெச்சேன். அதுவும் தாம்பூலத்துல வந்த குங்குமம். அது எப்படி டாக்டர் ஒத்துக்காமப் போகும்?"

"யார் வீட்டில் கொடுத்தது?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "பதினோரு வீட்டுக்குப் போனேன். வந்ததும் எல்லாப் பொட்டலத்தையும் பிரிச்சு ஒரே சிமிழ்ல கொட்டிட்டேன். எந்த வீட்டுக் குங்குமம்னு இப்ப நான் யாரைப் போய்க் கேக்கறது?"

அரிப்பு அடங்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த இடத்தில் படிந்த கருப்பு மறைய நாலு மாதத்துக்கு மேல் ஆனது. பதினோரு வீட்டுக்காரர்களும் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் தாங்கள் கொடுத்த பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்று அவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமா? கடையில் டஜன் கணக்கில் அடுக்கி வைத்திருந்ததை வாங்கி, பைக்குள் போட்டுக் கொடுத்திருப்பார்கள். நம் வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது!

நவராத்திரி வந்தால் வடக்கு மாட வீதி முழுக்கப் பொம்மைக் கடை. மாம்பலம் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் 'வைத்துக் கொடுக்க' என்றே தனியாகச் சின்னச் சின்னச் சாமான்கள் குவிந்து கிடக்கும். வாங்குவது சுலபம். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்தவர் நெற்றியிலும் முகத்திலும் படப்போகிற பொருளையாவது நாமே வீட்டில் செய்து கொடுக்கலாம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். வீட்டில் செய்தது என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகி விடாது. இதை நான் என் சொந்தத் தவறிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

நான் செய்த தவறு

பதினைந்து வருடத்துக்கு முன்னால், எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வருகிறவர்களுக்கு நலங்கு மாவு செய்து கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவனாயிற்றே, அரைகுறையாகச் செய்யலாமா? பச்சைப்பயறு, சந்தனம், விலாமிச்சை வேர், கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கார்போகரிசி என்று ஒன்று விடாமல் சேர்த்து இடித்து, சலித்து, நாற்பது பொட்டலம் கட்டினேன். என் மனைவி, "எதுக்குங்க இத்தனை சரக்கு? பயத்த மாவும் ரோஜாவும் போதாதா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பெரிய வைத்தியர் அல்லவா!

அடுத்த வாரம் பக்கத்து ஃபிளாட் பெண் வந்து நின்றாள். கல்லூரி மாணவி. இரண்டு கன்னமும் வெயிலில் வெந்த மாதிரி சிவந்திருந்தது.

"அங்கிள், நீங்க கொடுத்த பவுடரைத்தான் பேக் மாதிரி போட்டுக்கிட்டேன். அரை மணி நேரம் வெச்சிருந்து கழுவிட்டு, ஃப்ரெண்ட்ஸோட பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனேன். அங்கிள் கொடுத்ததாச்சே, நல்லதுதான்னு நினைச்சேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கார்போகரிசி! அதில் சோராலென் என்ற சத்து இருக்கிறது. தோலில் அது படிந்திருக்கும்போது வெயில் பட்டால், அந்த இடத்தில் வெயிலின் வேகம் பல மடங்காகிவிடும். சிவக்கும், கொப்புளிக்கும், பிறகு கருத்துப் போகும். போட்ட உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் முழு ரூபத்தையும் காட்டும். இதே குணத்தினால்தான் வெண்குட்டத்துக்கு, அதாவது வெண்புள்ளி நோய்க்கு, கார்போகரிசி மருந்தாகிறது. வெள்ளைத் திட்டில் மட்டும் தடவி, இத்தனை நிமிடம் வெயிலில் நில் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்போம். நோயாளி எதிரில் இருப்பார், நாமும் கவனித்துக்கொண்டிருப்போம்.

பொட்டலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டால் யார் கவனிப்பது? பழைய காலத்தில் நலங்கு மாவைக் குளிக்கும்போது தேய்த்து அந்தக் கணமே கழுவிவிடுவார்கள். இன்றைக்குப் பெண் பிள்ளைகள் முகத்தில் பூசி, காயும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கன்னத்துக் கருப்பு அடுத்த பொங்கலுக்குத்தான் மறைந்தது. அதுவரை லிஃப்டில் அவள் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்து ஒருவருக்குக் கொடுப்பது, பரிசு யார் யாருக்கோ போய்ச் சேருவது. வாங்கிப் போனவர் அதைப் பேத்திக்குக் கொடுப்பார், வேலைக்கு வருகிற அம்மாவுக்குக் கொடுப்பார். ஆகவே பரிசாகக் கொடுக்கும் பூச்சுப் பொடியில் சரக்கு குறைவாக இருக்க வேண்டும். நாலைந்து போதும். அந்த நாலைந்தும் என்னவென்று பொட்டலத்தின் மேல் எழுதியிருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் செய்யும் நலங்கு மாவு இவ்வளவுதான்: பச்சைப்பயறு அரைக் கிலோ, நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ 100 கிராம், பன்னீர் ரோஜா இதழ் 50 கிராம், வெட்டிவேர் 50 கிராம், கிச்சிலிக்கிழங்கு 50 கிராம். கிழங்கையும் வேரையும் தனியாக இடித்துக்கொண்டு, மற்றவற்றோடு சேர்த்து மெஷினில் அரைத்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். மிளகாய் அரைத்த மெஷினில் அரைத்துவிடாதீர்கள்! சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கேசும் என்னிடம் வந்திருக்கிறது. மாவு நன்றாக ஆறிய பிறகே பொட்டலம் கட்டுங்கள். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஈரக் கை பட்டால் பூசணம் பிடிக்கும்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது?

குங்குமத்துக்கு வருவோம். சுப காரியங்களில் ஆரத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைப் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறச்சத்து காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். அதே ஆரத்தித் தட்டில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள், சிவப்பு ஓடிப் போய்விடும். குழந்தைகளுக்குச் செய்து காட்டினால் குதிப்பார்கள்.

அப்படியானால் மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து குங்குமம் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்கிறார்கள். ஆனால் சுண்ணாம்பின் காரம் தினமும் நெற்றித் தோலில் பட்டால் எரிச்சல் தரும். வியர்வை பட்டால் நிறமும் மாறும். முறையாகச் செய்யும் குங்குமத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம். வெண்காரமும் எலுமிச்சைச் சாறும் மஞ்சளோடு சேர்ந்து உண்டாக்கும் சிவப்பு வேறு ஜாதி. புளிப்பிலும் அது நிலைத்து நிற்கும். இரசாயனக் கூடங்களில் போரான் என்ற தனிமம் இருக்கிறதா என்று பார்க்க மஞ்சள் தோய்த்த தாளை இன்றும் உபயோகிக்கிறார்கள். வெண்காரத்தில் இருப்பது அந்தப் போரான்தான். சோதனைச் சாலைக்கு முன்பே நம் வீட்டுப் பாட்டிகளின் கைக்கு வந்துவிட்ட ரசாயனம் இது!

செய்முறை இதோ. கால் கிலோ குண்டு மஞ்சள் வாங்குங்கள். தூளாக வாங்கவே வாங்காதீர்கள். தூளில் கலப்படச் சாயமும், சமயத்தில் ஈயம் கலந்த மஞ்சள் நிறமியும் சேர்க்கப்படுவது பல இடங்களில் பிடிபட்ட விஷயம். முழுக் கிழங்கிலும் மேல்பூச்சு இருக்கலாம் என்பதால் ஒருமுறை கழுவித் துடைத்துக் காயவைத்து, பிறகு பொட்டுக்கடலை அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். வெண்காரம் 15 கிராம், படிகாரம் 15 கிராம். இரண்டும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடையில் கேட்டால், எதற்கு என்று சொல்வதற்கு முன்பே மடித்துக் கொடுப்பார்கள். இரண்டையும் பொடி செய்து, எட்டு அல்லது ஒன்பது எலுமிச்சம் பழத்தின் சாற்றில் கரையுங்கள்.

கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் மஞ்சள் துண்டுகளைப் போட்டு இந்தச் சாற்றை ஊற்றி, மரக் கரண்டியால் புரட்டுங்கள். இரும்பும் அலுமினியமும் ஆகாது. காலையும் மாலையும் புரட்டி வந்தால் இரண்டு மூன்று நாளில் துண்டுகள் சாற்றை முழுக்கக் குடித்துவிடும். பிறகு வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். ஒரு வாரம் ஆகும். புரட்டாசியில் திடீரென்று மழை பிடித்தால் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், ஈரம் இருந்தால் பூசணம் வரும். ஒரு துண்டை உடைத்துப் பார்த்து, உள்ளேயும் சிவந்து, சட்டென்று முறிந்தால் தயார். இடித்து, துணியில் சலித்து, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கையால் பிசறி வையுங்கள். நாற்பது பேருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

நிறம் கடைக் குங்குமம் மாதிரி பளீரென்று இருக்காது. அடர்ந்த அரக்கு நிறமாக, கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். "ஐயோ, டல்லா இருக்கே!" என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள், அதுதான் அசல் நிறம். கண்ணைப் பறிக்கும் சிவப்பு மஞ்சளிலிருந்து வராது. ஒரு சிட்டிகையை டம்ளர் தண்ணீரில் போட்டதும் தண்ணீர் முழுக்க ரோஸ் நிறம் ஓடினால், அது சாயம் என்று சந்தேகப்படலாம். சிவப்பு ஈயத்தூள் கலந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் செய்தவர் யார் என்று தெரிய வேண்டும் என்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. வெண்காரத்தைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளுக்குப் போனால் கெடுதல். செய்த குங்குமமும் அப்படித்தான். அடுத்தது, மஞ்சளோ எலுமிச்சையோ ஒத்துக்கொள்ளாத தோலும் உண்டு. முதலில் முன்னங்கையின் உள்பக்கம் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு நெற்றியில் வைக்கச் சொல்லுங்கள்.

ஒட்டும் பொட்டும் கூம்பு மருதாணியும்

தாம்பூலப் பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இல்லாமல் இருப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலருக்கு, பொட்டு இருந்த அதே வட்டத்தில், அதே அளவில் தோல் வெளுத்துப் போகிறது. பசையில் சேர்க்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள், தோலுக்கு நிறம் தரும் அணுக்களையே பாதிக்கக்கூடியது. வெளுத்த இடத்தை மறைக்க இன்னும் பெரிய ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து வருகிறவர்களை என்ன சொல்வது! அரிப்போ வெளுப்போ தென்பட்ட அன்றே ஸ்டிக்கரை விட்டுவிட வேண்டும். ஆரம்பத்தில் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம்.

கடையில் விற்கும் மருதாணிக் கூம்பில் 'உடனே கறுக்கும்' என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். மருதாணிக்குக் கறுப்பு நிறம் கிடையாது. தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற இரசாயனத்தைச் சேர்த்தால்தான் கறுக்கும். கையில் கோலம் போட்ட இடமெல்லாம் கொப்புளமாக எழும்பி வந்தவர்கள் உண்டு. மருதாணி இலை கிடைத்தால் அரைத்து, வாழை இலைத் துண்டில் சுருட்டிக் கொடுங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் இலை மருதாணியும் வேண்டாம். ரத்தத்தில் ஒருவகைப் பிறவிக் குறை உள்ள சிசுக்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

பரணிலிருந்து இறங்கும் பெட்டி

இதுவரை கொடுப்பதைப் பற்றிச் சொன்னேன். வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. மகாளய அமாவாசைக்குள் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்குவோம். திறந்ததும் குப்பென்று ஒரு வாடை! பாச்சை உருண்டை. நாஃப்தலீன் உருண்டையை மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மேலே சொன்ன அதே ரத்தக் குறை உள்ள குழந்தைக்கு அதன் வாடையும் ஆகாது. பழைய தாளையும் துணியையும் மொட்டை மாடியில் உதறிவிட்டு, பொம்மையைக் கீழே கொண்டு வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலைக்கே போக வேண்டாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேறு யாராவது செய்யட்டும்.

பாச்சை உருண்டைக்குப் பதில் என்ன? வெட்டிவேர், தட்டிய வசம்பு, கிராம்பு, காய்ந்த நொச்சி இலை. இவற்றைப் பழைய பருத்திப் புடவைத் துணியில் சின்ன முடிச்சாகக் கட்டுங்கள். பொம்மைப் பெட்டியிலும் போடலாம், பட்டுப் புடவை வைத்த பீரோவிலும் போடலாம். நாஃப்தலீன் அளவுக்கு வேகம் இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க இதைவிடச் சுலபமான பரிசு எனக்குத் தெரியவில்லை. ஊசி பிடிக்கத் தெரிந்த எட்டு வயதுக் குழந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருபது முடிச்சு கட்டிவிடும். 'உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது' என்று ஒரு சீட்டு மட்டும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். வசம்பைக் கண்டால் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கக் கிளம்பும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.

பழைய பொம்மைக்குப் புது வர்ணம் அடிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பண்ருட்டிப் பொம்மையோ கொசப்பேட்டைப் பொம்மையோ, மண்ணும் காகிதக் கூழும் ஒன்றும் செய்யாது. வர்ணம்தான் விஷயம். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே பாட்டி காலத்துப் பொம்மையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். உதிரும் தூள் தரையில் விழும், தவழும் குழந்தையின் கைக்குப் போகும், கையிலிருந்து வாய்க்குப் போகும். வர்ணம் பொரிந்த பொம்மை அப்படியே மேல் படியில் இருக்கட்டும். அதற்கும் ஓர் அழகு இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாவைக் குழந்தையிடம் கொடுத்துப் 'பூசு' என்று சொல்லவே கூடாது.

குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டிய வேலை பார்க் போடுவது. கொலுப்படிக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் மண் பரப்பி, குளம், மலை, கோயில் எல்லாம் வைப்பார்களே, அதுதான். பச்சைக் கலர் மரத்தூள் பாக்கெட்டை வாங்கித் தூவுவதற்குப் பதில், அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்னால் கடுகு, வெந்தயம், கேழ்வரகு மூன்றையும் தனித்தனிப் பாத்தியாக விதைக்கச் சொல்லுங்கள். கடுகு அவசரக்காரன். சீக்கிரம் முளைத்து, சரஸ்வதி பூஜைக்குள் துவண்டு படுத்துவிடும். கேழ்வரகு மெதுவாக வந்தாலும் புல்தரை போல நிமிர்ந்து நிற்கும். சுத்தமான மண்ணில் விதைத்து, கலர்ப் பொடி எதுவும் விழாமல் இருந்தால், கடைசி நாளில் வெந்தயக் கீரையைக் கிள்ளிப் பருப்பில் போட்டுவிடலாம். தானே விதைத்த கீரையை வேண்டாம் என்று சொல்கிற குழந்தையை நான் பார்த்ததில்லை.

வாசலுக்கு மாவிலையோடு வெட்டிவேர்த் தோரணமும் கட்டலாம். வேரை அலசி மண் போக்கி, விரல் கனத்துக்குச் சின்னச் சின்னக் கட்டாக வாழை நாரில் முடிந்து தொங்கவிட வேண்டும். சாயங்காலம் விருந்தாளிகள் வரும் நேரத்தில் தண்ணீர் தெளித்தால் வீடே குளிர்ந்து மணக்கும். ரூம் ஸ்ப்ரே அடித்துத் தும்மிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கோலத்துக்குக் கல் மாவை விட ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் இழைக்கோலமும் செம்மண் காவியும் நல்லது. புழுதி பறக்காது.

இன்னொரு பரிசும் உண்டு. கற்பூரவள்ளி. ஓமவல்லி என்றும் சொல்வார்கள். விரல் நீளத்துக்குக் கிள்ளிய தண்டைச் சின்ன மண் குவளையில் நட்டு நிழலில் வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் வேர் பிடிக்கும். தி.நகர் ஃபிளாட்டில் ஒரு சாண் பால்கனி இருந்தாலும் வளரும். கொலு முடிந்து ஐப்பசி மழை ஆரம்பிக்கும்போது வீட்டுக்கு வீடு சளி, இருமல் வரும். அப்போது இலையைக் கிள்ளிப் பஜ்ஜியாகவோ ரசத்திலோ போடும்போதெல்லாம் கொடுத்தவரை நினைத்துக்கொள்வார்கள். ரவிக்கைத் துணியை நினைத்துக்கொள்வார்களா? எங்கள் வீட்டிலிருந்து போன ஒரு பச்சை ரவிக்கைத் துணி, மூலையில் என் மனைவி போட்ட பேனா அடையாளத்தோடு, மூன்றாம் வருடம் அடையாறிலிருந்து எங்களுக்கே திரும்பி வந்தது!

பை விஷயத்தில் நான் அதிகம் பேச வேண்டியதில்லை. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்துவிட்டது. பழைய வேட்டியில் தைத்த பை போதும்.

குங்குமப் பொட்டலத்தின் மேல் நான் எழுதச் சொல்வது நாலே வரி: உள்ளே இருக்கும் பொருள்கள், செய்த தேதி, முதலில் கையில் தடவிப் பார்க்கவும் என்ற குறிப்பு, உங்கள் வீட்டுப் பெயர். கடைசி வரி ரொம்ப முக்கியம். ஒத்துக்கொள்ளாவிட்டால் தேடி வந்து கேட்க ஒரு முகவரி வேண்டுமே!

நெற்றிப் புண்ணோடு வந்தாரே, அந்த அம்மா போன வாரம் மறுபடி வந்திருந்தார். இந்தத் தடவை முழங்கால் வலி. மருந்து வாங்கிக்கொண்டு எழுந்தவர், கதவருகே நின்று கேட்டார்:

"டாக்டர், அந்த வெண்காரம் எவ்வளவுன்னு சொன்னீங்க? எழுதிக் கொடுத்துடுங்க. மஞ்சள் உடைச்சு வெச்சுட்டேன்."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.